அத்தியாயம் 7: ஊரிலேயே சிகிச்சை – மனநலச் சட்டம் தரும் உரிமைகளைப் பெறும் வழி

உங்கள் வீட்டில் ஒருவருக்கு மனச்சிதைவு நோயோ இருதுருவ மனநோயோ இருக்கிறது. மருத்துவமனையில் சில வாரம் வைத்திருந்து, நன்றாகி, வீட்டுக்கு அழைத்து வந்தீர்கள். இரண்டு மாதம் மாத்திரை போட்டார். பிறகு நிறுத்திவிட்டார். தூக்கம் போனது, சந்தேகம் வந்தது, மறுபடியும் ஆட்டோ, மறுபடியும் மருத்துவமனை. இந்தச் சுழலில் இருக்கும் குடும்பத்துக்காகவே இந்த அத்தியாயம்.

கடலூரிலிருந்து சுமார் 6 கி.மீ. தொலைவில் கெடிலம் ஆற்றங்கரையில் உள்ள திருவந்திபுரத்தில் நீங்கள் குடியிருப்பதாக வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். வேறு மாவட்டத்தில் இருந்தால் அலுவலகங்களின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். சட்டமும் படிகளும் ஒன்றுதான்.

தொடங்குமுன்: சட்டம் சொல்வது சுருக்கமாக

நம் நாட்டில் இப்போது நடப்பில் இருப்பது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. இது 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தது. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு வந்த சட்டம் இது. உங்களுக்குத் தேவையான பிரிவுகள் இவை:

- பிரிவு 18: அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் நடக்கும் இடங்களில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை. குடும்பத்தோடு ஊரில் வாழ்வதற்குத் துணைசெய்யும் விதத்தில் அந்தச் சிகிச்சை இருக்க வேண்டும். அதற்காக யாரும் நெடுந்தூரம் அலையும் நிலை வரக்கூடாது.
- பிரிவு 19: சமூகத்தில் வாழும் உரிமை. குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை, ஊரில் வசதி இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது.
- பிரிவு 20, 95: மனிதத்தன்மையற்ற நடத்தையிலிருந்து பாதுகாப்பு. சங்கிலியால் கட்டுவது எந்த வடிவிலும் கூடாது.
- பிரிவு 27: இலவசச் சட்ட உதவி.

ஒரு விஷயத்தை இப்போதே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் 1999 முதலும், கனடாவின் ஒன்டாரியோவில் 2000 முதலும், இங்கிலாந்தில் 2008 முதலும், வீட்டில் இருப்பவர் சிகிச்சையைத் தொடர வேண்டும் என்று உத்தரவிடச் சட்டத்தில் இடம் உண்டு. இந்தியச் சட்டத்தில் அப்படி ஓர் உத்தரவு கிடையாது. வீட்டில் இருக்கும் ஒருவரை ‘மாத்திரை போட்டே ஆக வேண்டும்’ என்று நீதிமன்றம் வழியாகக் கட்டாயப்படுத்த உங்களால் முடியாது. ஆகவே ஊரிலேயே சிகிச்சை நிலைக்க இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும். அவர் தெளிவாக இருக்கும் நாட்களில் அவருடைய சம்மதத்தை எழுத்தில் பெற்று வைப்பது ஒன்று. அரசு தர வேண்டியதை விடாமல் கேட்டு வாங்குவது மற்றொன்று. இனி வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

முதல் கட்டம்: ஒரு கோப்பு

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது காகிதம். அரை நாள் உட்கார்ந்து இதை முடித்துவிடுங்கள்.

1. பழைய ஓபி சீட்டு, மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்குங்கள்.
2. காணாமல் போனவற்றைச் சிகிச்சை தந்த மருத்துவமனையில் எழுதிக் கேளுங்கள். அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பெறுவது பிரிவு 25 தரும் உரிமை.
3. ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்: நோய் தொடங்கிய ஆண்டு, இதுவரை தந்த மருந்துகள், எது ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை, வேறு நோய்கள், ஒவ்வாமை.
4. அதே தாளின் பின்பக்கம், நோய் திரும்பும்போது முதலில் தெரியும் மூன்று அறிகுறிகளை எழுதுங்கள். ஒருவருக்கு அது தூக்கமின்மையாக இருக்கும். இன்னொருவருக்குக் குளிக்க மறுப்பது. வேறொருவருக்கு அண்டை வீட்டார்மேல் சந்தேகம்.
5. அவருடைய ஆதார் அட்டை, குடும்ப அட்டை நகல்களைச் சேருங்கள். எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்து, குடும்பத்தில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

குறிப்பு: கோப்பை வெள்ளம் புகாத உயரத்தில், நெகிழி உறையில் வையுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணை கடலூரில் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

இரண்டாம் கட்டம்: அருகிலேயே சிகிச்சை இடத்தை உறுதி செய்தல்

1. முதலில் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். மாவட்ட மனநலத் திட்டக் குழு எங்கே அமர்கிறது என்று கேளுங்கள். மத்திய அரசு 1996-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தின்கீழ், மனநலக் குழு குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வருகிறது.
2. உங்கள் பகுதிக்கு எந்த நாளில், எந்த இடத்துக்கு வருகிறார்கள் என்று கேட்டு, அந்தத் தேதியைக் காலண்டரில் குறியுங்கள்.
3. சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பக்கம் இருப்பவர்களுக்கு அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகில். முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்று இருந்ததுதான் இது. சிக்கலான நிலைக்குப் புதுச்சேரி ஜிப்மரும் எட்டும் தூரத்தில் இருக்கிறது.
4. நோய் கட்டுக்குள் வந்ததும், ‘மாதாந்திர மாத்திரையை எங்கள் ஊருக்கு அருகிலேயே வாங்க வழி செய்து கொடுங்கள்’ என்று மருத்துவரிடம் கேளுங்கள். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகளைச் சமுதாய சுகாதார நிலையம் முதல் மேலே உள்ள எல்லா அரசு மருத்துவ இடங்களிலும் எப்போதும் இலவசமாகத் தர வேண்டும் என்று பிரிவு 18 சொல்கிறது.
5. தினமும் மாத்திரை போடுவது பெரும்பாடாக இருந்தால், சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் நீண்டநாள் ஊசி இவருக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். முடிவு மருத்துவருடையது, சம்மதம் அவருடையது. கேட்க வேண்டியது உங்கள் வேலை.

பயணம் முடியாத நாளில் 14416 எண்ணுக்கு அழையுங்கள். டெலி-மானஸ் என்ற இந்த இலவச மனநல ஆலோசனைச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழில் பேசலாம்.

மூன்றாம் கட்டம்: தெளிவாக இருக்கும்போதே எழுதி வைத்தல்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு கட்டத்தைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நோய் முற்றிய இரவில் ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்காமல் இருக்க இதுதான் துணை.

*அ. நியமனப் பிரதிநிதி (பிரிவு 14)*

தன்னால் முடிவெடுக்க இயலாத நேரத்தில் தன் சார்பில் நிற்பதற்கு ஒருவரை அவரே தேர்ந்தெடுக்கலாம். வெள்ளைத் தாளே போதும், முத்திரைத்தாள் தேவையில்லை. அவருடைய கையெழுத்தோ கைநாட்டோ வேண்டும். பிரதிநிதியாக இருக்க ஒப்புக்கொள்பவரும் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். வாசகம் இப்படி இருக்கலாம்:

“நான், ______, திருவந்திபுரம் ______ தெருவில் வசிக்கிறேன். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 14-ன்படி என் அக்காள் ______ அவர்களை என் நியமனப் பிரதிநிதியாக நியமிக்கிறேன். இதை என் சொந்த விருப்பத்தில் எழுதுகிறேன். தேதி, கையொப்பம்.”

கீழே: “மேற்படி பொறுப்பை ஏற்க எனக்குச் சம்மதம். தேதி, கையொப்பம், தொலைபேசி எண்.”

நினைவில் வையுங்கள்: மூத்த மகன்தான் பிரதிநிதி என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அவர் யாரை நம்புகிறாரோ அவர்தான் பிரதிநிதி. வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் மாற்றவும் அவருக்கு உரிமை உண்டு. யாரையும் நியமிக்காவிட்டால் உறவினர், பராமரிப்பவர், பிறகு மனநலச் சீராய்வு வாரியம் நியமிப்பவர் என்ற வரிசை வரும்.

*ஆ. முன்விருப்ப ஆவணம் (பிரிவு 5)*

மறுபடியும் நோய் வந்தால் எப்படிச் சிகிச்சை வேண்டும், எப்படி வேண்டாம் என்பதை 18 வயது நிறைந்த எவரும் இன்றே எழுதி வைக்கலாம். முன்பு மனநோய் இருந்ததா என்பது இதற்குத் தடையில்லை. எழுதும்போது:

1. எந்த மருத்துவமனை, எந்த மருத்துவர், எந்த மருந்து ஒத்துக்கொண்டது என்று தொடங்குங்கள்.
2. எது வேண்டாம், ஏன் வேண்டாம் என்று எழுதுங்கள். காரணம் இருந்தால் மருத்துவர் மதிப்பார்.
3. வீட்டுக் காரியங்களையும் சேருங்கள்: குழந்தையை யார் பார்ப்பது, மாட்டை யார் கவனிப்பது, வேலை இடத்தில் யாரிடம் சொல்வது.
4. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பிறகு மனநலச் சீராய்வு வாரியத்தில் பதிய வேண்டும். உங்கள் பகுதிக்குரிய வாரியத்தின் முகவரியை மாவட்ட மனநலத் திட்டக் குழுவிடமோ மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடமோ கேட்டுப் பெறுங்கள்.
5. ஒரு பிரதியை மருத்துவரிடமும், ஒன்றைப் பிரதிநிதியிடமும், ஒன்றைக் கோப்பிலும் வையுங்கள்.

எச்சரிக்கை: அவசரச் சிகிச்சைக்கு இந்த ஆவணம் பொருந்தாது. அவர் சுயமாக முடிவெடுக்கும் நிலையில் இருக்கும்வரை, ஆவணத்தைவிட அவர் வாய்ச்சொல்லுக்கே மதிப்பு.

நான்காம் கட்டம்: சிகிச்சைக்கு வர மறுக்கும்போது

நாலு பேரைக் கூப்பிட்டுத் தூக்கிப்போவதுதான் முதலில் தோன்றும். அது கடைசியில் கூட வேண்டாம். இந்த வரிசையில் போங்கள்.

*படி 1. பேசுங்கள்.* ‘உனக்குப் பைத்தியம், வா’ என்று யாரிடம் சொன்னாலும் வரமாட்டார். அவருக்கே தொந்தரவாக இருக்கும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். “தம்பி, நாலு நாளா ராத்திரி தூக்கமே இல்லாம கஷ்டப்படுறியே. தூக்கத்துக்கு ஒரு வழி கேட்டுட்டு வரலாம். அக்காவும் கூடவே வரேன், டாக்டர்கிட்ட நீயே பேசு.” இப்படிச் சொல்லும்போது பொய் இல்லை, கட்டாயம் இல்லை, பிடித்துக்கொள்ள ஒரு கை இருக்கிறது. அவர் கேட்கும் குரல்களைப் பற்றி வாதாடாதீர்கள். ‘எனக்குக் கேட்கவில்லை, ஆனால் உனக்கு எவ்வளவு பயமாக இருக்கும் என்று தெரிகிறது’ என்றால் போதும்.

*படி 2. தானாகச் சேர்தல் (பிரிவு 86).* அவரே சம்மதித்துச் சேர்ந்தால் அதுவே நல்லது. வெளியேறக் கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு. தேவை என்று மருத்துவர் கருதினால் மதிப்பீட்டுக்காக 24 மணி நேரம்வரை நிறுத்திவைக்கலாம்.

*படி 3. துணையோடு சேர்த்தல் (பிரிவு 89).* இதற்கு நியமனப் பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும். ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ, சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய ஏழு நாட்களிலோ தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். அண்மையில் தன்னைக் காயப்படுத்த முயன்றார் அல்லது மிரட்டினார்; பிறர்மேல் வன்முறையாக நடந்தார்; தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் ஆபத்தில் இருக்கிறார் – இவற்றில் ஒன்று இருக்க வேண்டும். உச்சவரம்பு 30 நாள். பெண் அல்லது சிறார் என்றால் 3 நாட்களுக்குள்ளும், மற்றவர் என்றால் 7 நாட்களுக்குள்ளும் மருத்துவமனை வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சேர்த்ததில் ஆட்சேபம் இருந்தால் அவரோ பிரதிநிதியோ வாரியத்தில் முறையிடலாம்.

குறிப்பு: போகும்போது சம்பவக் குறிப்பு ஒன்று எடுத்துப்போங்கள். ‘ரொம்ப மோசமாக இருக்கிறார்’ என்று சொன்னால் மருத்துவருக்கு உதவாது. ‘செவ்வாய் இரவு மண்ணெண்ணெய் கேனை எடுத்தார், புதன் முழுக்கச் சாப்பிடவில்லை, வியாழன் கெடிலம் பாலத்தில் தனியாக நின்றார்’ என்று தேதியோடு எழுதுங்கள்.

*படி 4. உயிருக்கு ஆபத்து என்றால் (பிரிவு 94).* 108-ஐ அழையுங்கள். உயிரிழப்போ கடுமையான தீங்கோ நேராமல் தடுக்க, பதிவு பெற்ற எந்த மருத்துவரும், மருத்துவமனையிலோ வீட்டிலோ, பிரதிநிதி இருந்தால் அவர் சம்மதத்தோடு அவசரச் சிகிச்சை தரலாம். இது அதிகபட்சம் 72 மணி நேரம். அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோவதும் இதில் அடங்கும். மற்ற நோயாளிகளைப் போலவே ஆம்புலன்ஸ் பெறும் உரிமை மனநோய் உள்ளவருக்கும் இருக்கிறது (பிரிவு 21). ‘மனநோய் கேஸ், ஏற்றமாட்டோம்’ என்று யாரும் சொல்லக் கூடாது.

*படி 5. தெருவில் அலைந்தால் (பிரிவு 100).* தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் அலையும் ஒருவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ இடத்துக்குக் கொண்டுபோவது காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை. லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. உங்கள் வீட்டவர் காணாமல் போனால் உடனே புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். திருவிழா, முகூர்த்தக் கூட்டத்தில் தொலைந்தவர்கள் பேருந்தேறிப் பல மாவட்டம் தாண்டிவிடுவார்கள். முதல் சில மணி நேரமே முக்கியம்.

*படி 6. வீட்டுக்குள் கொடுமை நடந்தால் (பிரிவு 101, 102).* பக்கத்து வீட்டில் ஒருவரைப் பூட்டி வைத்தோ பட்டினி போட்டோ துன்புறுத்துவது தெரிந்தால் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். காவல்துறை நடுவர் நீதிமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும். பரிசோதனைக்காக 10 நாட்கள்வரை மருத்துவமனையில் வைக்க நடுவர் உத்தரவிடலாம்.

ஐந்தாம் கட்டம்: டிஸ்சார்ஜ் நாளில் கேட்க வேண்டியவை

ஊரிலேயே சிகிச்சை தொடர்வதா அறுவதா என்பது பெரும்பாலும் இந்த நாளில் முடிவாகிறது. டிஸ்சார்ஜுக்கு முன் அவரிடமும், பிரதிநிதியிடமும், இனி உடன் வாழப்போகிறவரிடமும் கலந்து பேசித் தொடர் சிகிச்சையைத் திட்டமிட வேண்டும் என்று பிரிவு 98 சொல்கிறது. அவசரத்தில் மாத்திரைப் பையை வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். இந்த ஏழு கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுதிக்கொள்ளுங்கள்:

1. எந்த மாத்திரை, எந்த நேரம், எத்தனை நாளுக்குக் கையில் இருக்கிறது?
2. அடுத்த முறை எங்கே, எந்தத் தேதியில், யாரைப் பார்க்க வேண்டும்?
3. ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது?
4. எந்தப் பக்கவிளைவு வந்தால் உடனே ஓடிவர வேண்டும்?
5. ரத்தப் பரிசோதனை எப்போது?
6. வேலைக்கு எப்போது போகலாம்? வண்டி ஓட்டலாமா?
7. நோய் திரும்பும் அறிகுறி தெரிந்தால் யாருக்குப் போன் செய்வது?

டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய முதல் பதினைந்து நாட்களுக்குள் ஒருமுறையாவது மனநலக் குழுவைப் பார்த்துவிடுங்கள்.

வீட்டில்: மருந்தும் பாதுகாப்பும்

- மாத்திரையைச் சோற்றிலோ காபியிலோ ஒளித்துக் கலக்காதீர்கள். தெரிந்த நாளில் சாப்பாட்டையே நிறுத்திவிடுவார். உங்கள்மேல் வைத்த நம்பிக்கையும் போகும். எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று மருத்துவருக்கும் தெரியாது.
- மருந்து தொடங்கிய நாட்களில் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டாலோ, கண் மேலே சொருகிக்கொண்டாலோ அது பேயும் இல்லை, காற்றும் இல்லை, மருந்தின் பக்கவிளைவு. மருத்துவமனையில் ஓர் ஊசியில் சரியாகக்கூடியது.
- கடுங்காய்ச்சலோடு உடம்பு விறைத்து, நினைவு தடுமாறினால் அது உயிர்காக்க வேண்டிய அவசரம். உடனே 108.
- க்ளோசபின் எடுப்பவருக்குக் காய்ச்சல், தொண்டை வலி வந்தால் அன்றே மருத்துவரைப் பார்த்து ரத்தம் பரிசோதிக்க வேண்டும்.
- லித்தியம் எடுப்பவர் அக்கினி நட்சத்திர வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வயலிலும் முந்திரிக் காட்டிலும் வேலை செய்யக் கூடாது. வாந்தி, பேதி வந்தாலும், கை நடுங்கி நடை தள்ளாடினாலும் உடனே மருத்துவரைக் கேளுங்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் உடம்புவலி மாத்திரைகளில் சில லித்தியத்தோடு சேரக் கூடாதவை.
- குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்ணுக்கு வால்புரோயேட் கொடுக்கப்பட்டிருந்தால், அது கருவைப் பாதிக்கக்கூடியது என்பதால் மருத்துவரிடம் பேசுங்கள். தானாக நிறுத்த வேண்டாம்.
- எலி மருந்துப் பசை, பூச்சிமருந்து, மீதமுள்ள மாத்திரைகள் எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள். சாக வேண்டும் என்று அவர் சொன்னால் அதை மிரட்டல் என்று தள்ளாதீர்கள். தனியே விடாமல் உதவி தேடுங்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும் என்று பிரிவு 115 சொல்கிறது. வழக்குக்குப் பயந்து மருத்துவமனையைத் தவிர்க்க வேண்டாம்.
- அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கையில் எப்போதும் பதினைந்து நாள் மாத்திரை கூடுதலாக இருக்கட்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபின் கடலூரில் மின்சாரமும் சாலையும் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நிவாரண முகாமுக்குப் போனால் முதலில் எடுக்கும் பையில் மாத்திரையும் மருந்துச் சீட்டும் இருக்க வேண்டும்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

*கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பது.* முகூர்த்த நாளில் திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலில் வரிசையாகத் திருமணங்கள் நடக்கின்றன. அந்தக் கூட்டத்தில், நோயை மறைத்துச் செய்துவைக்கும் திருமணமும் இருக்கலாம். திருமணம் மருந்து ஆகாது. தூக்கம் கெடுவதாலும், புதுச் சூழலாலும், மாத்திரையை மறைக்க வேண்டியிருப்பதாலும் நோய் திரும்பும். இந்து திருமணச் சட்டத்தின் 5, 12-ஆம் பிரிவுகளின்படி, மறைத்துச் செய்த திருமணத்தை ரத்து செய்யக் கோரி நீதிமன்றம் போக முடியும். மனநோய் உள்ளவர் திருமணமே செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நோய் கட்டுக்குள் இருக்கட்டும், மணமகன், மணமகள் இருவருக்கும் முழு விவரமும் தெரியட்டும், மருத்துவரிடம் இருவரும் சேர்ந்து பேசட்டும். பிறகு முகூர்த்தம் பாருங்கள்.

*கட்டி வைப்பது.* 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் இருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். கோயிலுக்கும் தர்காவுக்கும் போவது உங்கள் நம்பிக்கை, தாராளமாகப் போங்கள். மாத்திரைப் பையையும் எடுத்துப் போங்கள். எங்கேயும் யாரையும் கட்ட விடாதீர்கள்.

*பதிவு பெறாத ‘இல்லத்தில்’ விட்டுவிடுவது.* மனநோயாளிகளைச் சேர்க்கும் எந்த இடமும் பிரிவு 65-ன்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் கண்ணால் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். உள்ளே போய் அவரைப் பார்க்க விடாத இடத்தில் ஒரு நாள்கூட வைக்காதீர்கள்.

*நன்றாகிவிட்டார் என்று மாத்திரையை நிறுத்துவது.* நன்றாக இருப்பதே மாத்திரையால்தான் என்ற காலம் நீண்டது. குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் சொல்லி, படிப்படியாக.

*சொத்துக் கையெழுத்து வாங்குவது.* நியமனப் பிரதிநிதியின் அதிகாரம் சிகிச்சை தொடர்பானது. நிலத்துக்கும் வங்கிக்கணக்குக்கும் அது செல்லாது.

கிடைக்க வேண்டியது கிடைக்காதபோது

மாத்திரை இருப்பு இல்லை, மருத்துவர் வரவில்லை, மரியாதை இல்லை என்றால் சண்டை போட வேண்டாம். எழுதுங்கள்.

1. அந்த மருத்துவ இடத்தின் பொறுப்பு மருத்துவரிடம் எழுத்துப் புகார் கொடுங்கள். நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள் (பிரிவு 28).
2. பதில் திருப்தியில்லை என்றால் மனநலச் சீராய்வு வாரியம். அதற்கும் மேல் மாநில மனநல ஆணையம்.
3. கூடவே திங்கட்கிழமை கடலூர் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். மனுவில் ‘பிரிவு 18-ன்படி இலவச மருந்து தொடர்ந்து கிடைக்கச் செய்ய வேண்டும்’ என்று ஒரே கோரிக்கையை வையுங்கள். பத்துக் குறைகளை ஒரே மனுவில் அடுக்கினால் எதுவும் நடக்காது.
4. கடலூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடுங்கள். தொலைபேசி உதவி 15100. வழக்கறிஞர் கட்டணம் இல்லை. குடும்பமே வீட்டை விட்டுத் துரத்தினால், வீட்டில் வாழும் உரிமைக்கும் இங்கே உதவி கேட்கலாம் (பிரிவு 19).
5. மருந்து ஏன் இல்லை என்ற விவரம் வேண்டுமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன்கீழ் விண்ணப்பியுங்கள். 30 நாட்களில் பதில் வர வேண்டும்.

குறிப்பு: வெளியே மருந்து வாங்க நேர்ந்தால் ரசீதையும் ‘இருப்பு இல்லை’ என்று எழுதிய சீட்டையும் கோப்பில் வையுங்கள். மாவட்டத்தில் குறைந்தபட்ச மனநலச் சேவை இல்லாதபோது அங்குள்ள வேறு இடத்தில் பெற்ற சிகிச்சையின் செலவை அரசு ஏற்க வேண்டும் என்பதும் பிரிவு 18-ல் இருக்கிறது. ரசீது இல்லாமல் அதைக் கேட்க முடியாது.

மாற்றுத்திறனாளி சான்று

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-ல் மனநோயும் அடங்கும். மனநல மருத்துவர் அன்றாடச் செயல்பாட்டை அளவிட்டுச் சதவீதம் தருவார். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் பல உதவிகளுக்கு வழி திறக்கும். இ-சேவை மையத்தில் தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து, மருத்துவ வாரிய நாளில் கோப்போடு போங்கள். எந்த உதவித்தொகை இவருக்குப் பொருந்தும் என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். மதிப்பீட்டு நாளில் ‘எல்லாம் செய்வான்’ என்று பெருமைக்காகச் சொல்லிவிடாதீர்கள். குளிக்க, சாப்பிட, பேருந்தேற, கணக்குப் பார்க்க எவ்வளவு துணை தேவைப்படுகிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

1. கோப்பை அடுக்கி முடியுங்கள்.
2. மனநலக் குழு வரும் நாளையும் இடத்தையும் கேட்டுக் குறியுங்கள்.
3. அவரோடு உட்கார்ந்து நியமனப் பிரதிநிதிக் கடிதத்தை எழுதுங்கள். அவர் சொல்ல, நீங்கள் எழுதலாம். முடிவு அவருடையதாக இருக்கட்டும்.
4. 108, 14416, 15100 ஆகிய மூன்று எண்களையும் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.
5. உங்களுக்காகவும் ஓர் ஏற்பாடு செய்யுங்கள்: வாரத்தில் ஒரு மாலை வேறு ஒருவர் பொறுப்பைப் பார்த்துக்கொள்ளட்டும். குடும்பத்துக்கான ஆதரவும் பிரிவு 18-ன் சேவைகளில் ஒன்று. அடுத்த முறை மனநலக் குழுவைப் பார்க்கும்போது, ‘எனக்கும் தூக்கம் இல்லை, எனக்கும் பேச வேண்டும்’ என்று தயங்காமல் சொல்லுங்கள். பல ஆண்டுகள் நடத்த வேண்டிய சிகிச்சை இது. நீங்கள் தாக்குப்பிடித்தால்தான் அதுவும் தாக்குப்பிடிக்கும்.